சிப்பியை எங்கே விடுவது

உச்சிப்புளி

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உங்கம்மாவும் நலம். கால் வீக்கத்தை டாக்டரிடம் சொன்னாயா இல்லையா என்று உங்கம்மா கேட்கச் சொன்னாள். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று முடித்துவிடுகிறாயாம். இதற்கு முதலில் பதில் சொல் ஆத்தா.

நம் நாய் சிப்பியை எங்கே விடுவது என்ற விஷயம் போனில் பேசினால் பாதியிலேயே நிற்கிறது. நீ ஆபீசுக்குக் கிளம்புகிறாய், இல்லாவிட்டால் எனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன் பிரசவத்துக்காக நாங்கள் புரட்டாசி கடைசியில் சிங்கப்பூருக்குக் கிளம்பினால் மார்கழியில்தான் திரும்புவோம். நம் ஊருக்கு அதுதான் மழைக்காலம், நடுவில் தீபாவளி வேறு. ஒரு நாயை அடுத்தவர் கையில் விடுவதற்கு வருஷத்திலேயே மோசமான மாதங்கள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன். ஆனால் பேரப்பிள்ளை பிறக்கிற நேரத்தை நாமா முடிவு செய்கிறோம்!

நாய்களை விட்டுப்போக நீ சொல்லி அனுப்பிய மதுரைப் பக்கத்து இடத்தை நேரில் போய்ப் பார்த்தேன். அது வேண்டாம். கோபப்படாமல் காரணத்தைப் படி.

இடம் அழகாகத்தான் இருக்கிறது. நாய்கள் நீந்துவதற்குத் தொட்டி, சுவரெல்லாம் ஓவியம், பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறார்களாம். "ராத்திரி எங்க படுக்கும், அதைக் காட்டுங்க தம்பி" என்றேன். வெளியாட்கள் உள்ளே போனால் நாய்கள் மிரளும் என்றார் அந்தப் பையன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெரியாத ஆள் வந்தால் வரிசையாகக் குரைக்கத்தான் செய்யும். ஆனால் காலியாகக் கிடக்கிற ஒரு கூண்டையாவது காட்டலாமே? நாய்களை வெளியே விட்டிருக்கிற நேரம் சொன்னால் காத்திருக்கிறேன் என்றேன். அதற்கும் பதில் இல்லை. ராத்திரி யார் தங்குவார் என்று கேட்டதற்குக் கேமராவைக் காட்டினார். மூன்றாம் கூண்டில் ஒரு நாய் வாந்தி எடுப்பதைக் கேமரா பார்க்கும், சரி. எழுந்து போய்த் துடைப்பது யார்?

இன்னொன்றும் கவனித்தேன். சிப்பி என்ன ஜாதி என்று கேட்டார்கள், நாட்டு நாய் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. அது போகட்டும். தடுப்பூசிப் புத்தகத்தை மட்டும் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. என் சர்வீஸ் முழுக்க மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டே கழித்தவன், எனக்கு இது ஒன்றே போதும். நம்முடையதைக் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாயினுடையதையும் கேட்டிருக்கமாட்டார்கள். பார்வோ என்கிற கழிச்சல் நோய் வந்த ஒரு குட்டி கழிந்துவிட்டுப் போன தரையில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும், மண்ணாக இருந்தால் வருஷம்கூடத் தாங்கும். பினாயில் மணக்க மணக்கத் துடைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நன்றாகக் கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அங்கே மணந்தது பினாயில்.

அப்புறம் அந்த முப்பது நாள் பயிற்சி. நீ அந்த இடத்தைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். சித்திரையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாய், சிப்பி எல்லார் மேலும் தாவுகிறாள், அதனால் பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதற்காகவே அவளை அங்கே அனுப்பக்கூடாது என்கிறேன்.

பயிற்சி கொடுக்கிறவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "சொன்ன பேச்சு கேக்கலைன்னா என்ன செய்வீங்க?" சிரித்துக்கொண்டே சோக் செயினை எடுத்துக் காட்டினார். இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சங்கிலி அது. உறுமினால் ஒரு சுண்டு, தாவினால் ஒரு சுண்டு, முப்பது நாளில் சத்தமே வராதாம். வராதுதான். நாய் உறுமுவது நமக்குச் சொல்கிற தகவல்: எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ என்று. அந்த உறுமலுக்கு அடி வாங்கின நாய் பிடிக்காததைப் பிடித்ததாக மாற்றிக்கொள்ளாது, உறுமுவதை மட்டும் விட்டுவிடும். அப்புறம் ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் பல் வைக்கும். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அப்படி ஒரு நாயையா நான் கூட்டி வருவேன்? மாஸ்டரிடம் பயந்து அடங்குகிற நாய், வீட்டுக்கு வந்து உங்கம்மாவுக்கும் அடங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில், அடிப்பது மட்டுமல்ல, அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் வெகுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கிற நாயை நடக்கவிடாமல் இருப்பதை நாய் என்று பேர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீக்கடையில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்தால் அதைவிடக் கூட ஆகும். அதனால் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது, நாம்தான் பார்த்து விட வேண்டும்.

தாவுகிற பழக்கத்தை நானும் உங்கம்மாவும் திரும்பி வந்து மாற்றுகிறோம். தை, மாசி, பங்குனி இருக்கிறதே. நாலு காலும் தரையில் இருந்தால் நெத்திலிக் கருவாட்டுத் துண்டு, தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான். சோற்றுக்கு முன்னால் "இரு" என்றால் இருக்கக் கற்றுக்கொண்டவள், இதையும் கற்றுக்கொள்வாள். நீ பிள்ளை அழுகிற சத்தத்தை மட்டும் போனில் பதிவு செய்து அனுப்பு. முதலில் மெதுவாக வைத்து, அவள் சோறு தின்கிறபோது கேட்க வைப்போம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுவோம். அப்படிப் பழகினாலும் பிள்ளையையும் அவளையும் ஆளில்லாமல் ஓரிடத்தில் விடப்போவதில்லை, எந்த நாயையும் விடக்கூடாது.

இனி இங்கே பார்த்தவை. கடலோரம் ஒரு இடம் காட்டினார்கள். காலையில் நாய்களை அவிழ்த்துக் கடற்கரையில் ஓடவிடுகிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரைவலை இழுத்துக் கழித்துப்போட்ட பேத்தை மீன் ஒன்றைத் தின்றால் போதும். அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது; கை கால் விழுந்து மூச்சு நின்றுவிடும். இரையோடு கிடக்கிற தூண்டில் முள்ளும் உண்டு. பெல்ட் போட்டு நடத்திக் கூட்டிப்போவதென்றால் கடற்கரை நல்லதுதான்.

இன்னொரு இடத்தில் தகரக் கொட்டகை. மத்தியானம் உள்ளே ஒரு நிமிஷம் நின்றேன், எனக்கே மூச்சு முட்டியது. நாய்க்கு வேர்வை கிடையாது என்றே சொல்லலாம், மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உடம்புச் சூடு 101, 102 இருப்பதுதான் அதற்குச் சரி. 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அங்கே குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன், போர் தண்ணீர், உப்பு. நம் மாவட்டத்தில் எந்த இடமானாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல தண்ணீர் வாங்குகிற குடத்துக் காசைப் பார்த்து நாய்க்கு உப்புத் தண்ணீர் வைத்தால் கழிச்சல்தான்.

நான் முடிவு செய்திருப்பது பெருங்குளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. போர்டுகூடக் கிடையாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அவர் தம்பியும் பார்த்துக்கொள்கிறார்கள். ஏழெட்டு நாய்க்கு மேல் எடுப்பதில்லை. தம்பி கொட்டகையிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறார். சொல்லாமல் ஒருநாள் ராத்திரி போய்ப் பார்த்தேன், இருந்தார். போனவுடன் அந்தம்மா கேட்டது ஊசிப் புத்தகம். வெறிநாய்க்கடி ஊசி வருஷம் தவறாமல் போட்டிருக்கிறதா, பல நோய்க்குச் சேர்த்துப் போடுகிற நைன் இன் ஒன் ஊசி எப்போது போட்டது, பூச்சி மருந்து, உண்ணி மருந்து எப்போது என்று வரிசையாக. உண்ணியைக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே சேர்ப்பாராம். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் இறங்கிப்போன நாய்களை நிறையப் பார்த்தவன் நான், மனசு அங்கேயே நின்றுவிட்டது. எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் நைன் இன் ஒன்னில் இருக்கிறது, மழையில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்குகிற ஊருக்கு அது கட்டாயம். நம்முடையது ஐப்பசியில் முடிகிறது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது வேண்டும், அதனால் ஆவணி கடைசியிலேயே போட்டுவிடுகிறேன்.

குறையும் இருக்கிறது. கேமரா கிடையாது. தினமும் போட்டோ அனுப்ப அந்தத் தம்பிக்கு நேரம் இருக்காது, வாரத்துக்கு ஒன்று வரும் என்று வைத்துக்கொள். மழையில் பாதை சேறாகிவிடும். சுற்றிலும் சீமைக்கருவேல முள்வேலிதான் இருந்தது, அதை நம்பி நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பட்டாசுச் சத்தத்தில் மிரண்ட நாய்க்கு முள் ஒரு பொருட்டா? நம் மணலில் கீழே தோண்டிக்கொண்டும் போய்விடும். அவர் உள்பக்கம் கம்பிவலையை ஆள் உயரத்துக்கு அடித்து, அடியில் கல் பதித்திருப்பதைக் காட்டினார். கதவும் இரட்டைக் கதவு, ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறப்பதில்லை. மதுரையில்கூட நான் இதைப் பார்க்கவில்லை.

கடற்படையின் பருந்து தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனாலும் காதை அசைக்காத சிப்பி, ஒரு ஊசிவெடிக்குக் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். தீபாவளி ராத்திரி அவளை வீட்டுக்குள் அறையில் வைத்துக்கொள்வதாக அந்தம்மா ஒத்துக்கொண்டார். கழுத்துப் பட்டையில் இருக்கிற நம்பரை மாற்றவேண்டும், அதை உன் தம்பிதான் எடுத்துச் சொன்னான். என் போன் சிங்கப்பூரில் இருக்கும்போது பட்டையில் அந்த நம்பர் இருந்து என்ன புண்ணியம்? ராமநாதபுரம் சித்தப்பா நம்பரைப் பொறித்து வாங்கப்போகிறேன்.

சித்தப்பாவிடம் ஒரு காகிதமும் எழுதிக் கொடுக்கிறேன். சிப்பிக்கு ஏதாவது ஆனால் எங்களைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் வைத்தியம் பார்க்கலாம், செலவு எவ்வளவு ஆனாலும் நான் பொறுப்பு என்று. மழைக்காலத்தில் தோப்பில் விரியன் நடமாட்டம் இருக்கும். கடித்தால் முதலில் ராமநாதபுரம், அங்கே முடியாவிட்டால் மதுரை. கார் எடுத்தாலும் இரண்டரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் அனுமதி கேட்டு வீடியோ கால் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எந்த டாக்டரைக் கூப்பிடுவீர்கள் என்று தோப்புக்காரரிடம் கேட்டேன். பேர் சொன்னார், நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த டாக்டர்தான், கூப்பிட்டுக் கேட்டேன், ராத்திரியிலும் வந்திருக்கிறேன் என்றார்.

மழையைப் பற்றியும் கேட்டேன். 2024 நவம்பர் 20இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்றேன். மேட்டைக் காட்டினார். கொட்டகை அதற்கு மேலேதான் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் தென்னை அடியில் நாய்களை வைப்பதில்லையாம், ஊருக்குள் இருக்கிற மச்சு வீட்டுக்கு மாற்றிவிடுவாராம்.

ஆவணியில் முதலில் ஒரு பகல், பிறகு ஒரு ராத்திரி, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்க்கப்போகிறேன். திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கிறதா, மறுதடவை அந்தக் கதவைப் பார்த்ததும் வாலை இடுக்குகிறாளா என்று பார்ப்பேன். உள்ளே போக மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றால் இந்த இடமும் வேண்டாம். அப்படியானால் உங்கம்மா மட்டும் முதலில் கிளம்பி வருவாள், நான் பின்னால் வருகிறேன். மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை, டிக்கெட்டை மாற்ற முடிகிற மாதிரி போடட்டும்.

நீ கட்டிப் பழசான ஒரு நைட்டியைத் துவைக்காமல் யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்பு. வாசனைக்குத்தான். துவைத்து மடித்து அனுப்பிவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

முன்பணம் கட்டிவிட்டேன், மதுரைக்காரர் கேட்டதில் பாதிகூட இல்லை. நீ பணம் அனுப்ப வேண்டாம். உங்கம்மா சுக்கும் பிரசவ மருந்துச் சாமானும் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அங்கே எதை உள்ளே விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. கால் வீக்கத்துக்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா