மாலையிலும் திறக்கட்டும் ஊர் வாசிகசாலைகள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வீட்டிலிருந்து சிறுதொழில் செய்யும் தாய்மார் எந்நேரமும் கைப்பேசியும் ஓடருமாக இருப்பதால் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் கெட்டுப்போகின்றது என்ற கருத்துப்பட அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வெளியாகியிருந்தது. அதை எழுதியவரின் கவலை நியாயமானது. பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே வாசிப்பது குறைந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தப் பழியை அவர் யார் தலையில் சுமத்தியிருக்கின்றாரோ அவர்களுள் நானும் ஒருத்தி. பெண்பிள்ளைகளுக்கான தலை அலங்காரப் பொருள்களை வீட்டிலேயே செய்து விற்பவள் என்ற முறையிலும், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளின் தாய் என்ற முறையிலும் என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல இடம் தரவேண்டும். வீட்டுத் தொழில் நடக்கும் விறாந்தையில் வாசிப்புக்கு வேண்டிய அளவு நேரம் இருக்கின்றது. அங்கே தட்டுப்பாடாக இருப்பது புத்தகந்தான்.

இத்தொழிலின் போக்கை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கவேண்டும். ரிபன் பூ, கிளிப், ஹெயார் பாண்ட், சடைக்குஞ்சம் என்று நாங்கள் செய்பவை எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பொருள்கள். சற்றின் ரிபனை அளவாக வெட்டியதும் அதன் ஓரத்தை மெழுகுதிரிச் சுவாலைக்குக் கிட்டே ஒரு கணம் பிடித்து எடுக்கவேண்டும். செயற்கை இழையில் நெய்த ரிபன் என்றால் சூட்டில் ஓரம் உருகி இறுகிக்கொள்ளும். அதன் பிறகு நூல் பிரியாது. பருத்தி ரிபனுக்கு இந்த வித்தை பலிக்காது, அது கருகித்தான் போகும். சுவாலைக்குச் சற்றுக் கூடுதலாக நெருங்கிவிட்டால் மண்ணிறத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். கடும் நிறங்களில் அது தெரியாமல் போகலாம், ஆனால் சில பாடசாலைகள் கேட்கும் வெள்ளை ரிபனில் விழுந்தால் அந்தத் துண்டை ஒதுக்கி வைக்கவேண்டியதுதான். பின்னர் ரிபனை மடித்து, நடுவிலே ஊசியால் நூலோடிச் சுருக்கி இறுக்கி, குளூ கன்னால் பசை வைத்துக் கிளிப்பில் பொருத்தவேண்டும். கண்ணும் கையும் இந்த வேலையை விட்டு அசையமுடியாது. காது மாத்திரம் சும்மா இருக்கும்.

அந்தக் காதுக்காகத்தான் எங்கள் வீட்டில் வாசிப்பு நடக்கின்றது. நான் வேலை செய்யும்போது மூத்தவள் உரத்து வாசிப்பாள். சின்னவன் மணிகளையும் கிளிப்புகளையும் நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டு கேட்பான். நெருப்பும் சுடுபசையும் இருக்கும் இடமாகையால் இருவரும் எட்ட இருக்கவேண்டும் என்பது கட்டளை. வாசிக்கும் வேலை கையில் இருந்தால் அந்தக் கட்டளையும் மீறப்படுவதில்லை என்பது ஒரு கூடுதல் நன்மை. தெரியாத சொல் வந்தால் அவள் நிறுத்துவாள், நான் கையை நிறுத்தாமலே சொல்லிக் கொடுப்பேன். சொல்லை விழுங்கிவிட்டு ஓடினாலும், முற்றுப்புள்ளியைக் கவனியாமல் அடுத்த வசனத்துக்குத் தாவினாலும் கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். மனதுக்குள் வாசிக்கும் பிள்ளையிடம் இந்தக் குறைகளை யாராலும் கண்டுபிடிக்கமுடியாது.

காலையில் தலை இழுத்துப் பின்னும் நேரமும் இப்படிப்பட்டதே. எண்ணெய் தடவி, நடுவகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து ரிபன் கட்டி முடியும்வரை பிள்ளை அசையாமல் இருக்கவேண்டும். பின்னலை இழுத்து இறுக்கிக் கட்டுவதுதான் ஒழுங்கு என்று எண்ணும் தாய்மாருக்கு இடையில் ஒரு வார்த்தை: நாள்தோறும் மயிர்க்கால் இழுபட்டால் முன்நெற்றியிலும் காதோரத்திலும் முடி உதிரத் தொடங்கும், ரிபன் நழுவாமல் இருக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். அந்த நேரத்தில் மகளின் கையில் இருப்பது பெரும்பாலும் தங்கள் பத்திரிகை. பிள்ளைகளின் அப்பம்மாவான எங்கள் மாமிக்குக் கண் மங்கிவிட்டதால் அவருக்காக அவள் வாசிக்கவேண்டும், அதிலும் மரண அறிவித்தல்களே முதலில் வேண்டும். காலையிலே பிள்ளையிடம் இதையா வாசிக்கக் கொடுப்பது என்று எனக்கு முதலில் மனத்தாங்கல் இருந்தது. ஆனால், ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கிப் பாசமிகு மகளும், அன்பு மனைவியும், மைத்துனியும், பெறாமகளும், பேர்த்தியும் என நீண்டு செல்லும் அந்த வசனங்களை மூச்சுவிடாமல் வாசித்து முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வேறு எந்த நீண்ட வசனமும் பயம் தருவதில்லை. யார் யாருக்கு எந்த முறை என்பதும், பிறந்த ஊர் வேறு வாழ்ந்த ஊர் வேறாக எங்கள் சனம் எங்கெங்கு பரந்து கிடக்கின்றது என்பதும் அவளுக்கு அப்பம்மா வழியாகத் தெரியவந்தவை.

வேலை மிகுந்த காலங்கள் உண்டு. ஆண்டின் முற்பகுதியில், பாடசாலைப் பிள்ளைகளை நிறம் குறித்த இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் இல்லங்களின் நிறத்துக்கு ரிபன் கேட்டுத் தாய்மார் வந்து நிற்பார்கள். சிவப்பும் நீலமும் கடையில் முடிந்துவிட்டால் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் வீதியோரக் கடைகளில் மலிவான கிளிப்புகள் குவியும்போது எங்கள் பொருள்களின் விலையைப் பற்றிய பேச்சுக் கேட்கவேண்டி வரும். வாணி விழா, நடனப் பரீட்சை, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு, கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவுகள் கேட்கும் பனஞ்சார்வோலைப் பூ என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை வந்துகொண்டிருக்கும். வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும், கைப்பேசி எங்கள் வீடுகளுக்கு மாத்திரம் வந்த பொருளன்று. உத்தியோகம் பார்ப்பவர் வீட்டிலும் அதுதான் நிலைமை. தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பாடசாலை விட்டதும் நேரே தனியார் கல்வி நிலையத்துக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் ஒன்றை விரிக்க எந்த நேரத்தில் முடியும் என்பதையும் கடிதம் எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் வாசிப்பு நின்றுபோகும் நாள்கள் உண்டு. அவை புதிதாக வாசிக்க ஒன்றும் இல்லாத நாள்கள். கேட்ட கதையையே திரும்பவும் கேட்கச் சின்னவன் ஒப்புவான், மூத்தவள் ஒப்பமாட்டாள். 2022 ஆம் ஆண்டு ரூபாவின் மதிப்பு வீழ்ந்து கடதாசி விலை ஏறியதிலிருந்து, படங்களோடு நல்ல முறையில் அச்சிடப்பட்ட ஒரு சிறுவர் நூலை வாங்குவது என்பது பலமுறை யோசித்துச் செய்யும் காரியமாகிவிட்டது. அப்பியாசக் கொப்பிகளை வாங்கிய பிறகு மிஞ்சுவதில்தான் கதைப்புத்தகத்துக்கு இடம். நூலக நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக இலவசமாகக் கிடைக்கின்றன என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்; ஆனால், கைப்பேசித் திரையில் பிள்ளை உரத்து வாசிக்கும்போது இடையிலே ஓடர் அழைப்பு வந்தால் வாசிப்பு அத்தோடு முடிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கின்றது. வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறிப் போய்வர ஒரு நாளின் வேலையை விடவேண்டும் என்பதால் அது விடுமுறைக் காலத்துக்கு மாத்திரம் கைகூடும் காரியம்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்களுக்கு ஒரு சனசமூக நிலையம் இருக்கின்றது. அதற்கு வாசிகசாலையும் உண்டு; புலம்பெயர்ந்த ஊரவர்களின் உதவியால் நிலத்துக்கு மாபிள் பதித்து, சுவரில் உபயகாரர் பெயரெல்லாம் பொறித்திருக்கின்றார்கள். காலையில் ஆண்கள் சிலர் வந்து பத்திரிகை பார்ப்பார்கள். பிள்ளைகள் வரக்கூடிய மாலை வேளையில் முற்றத்தில் கரப்பந்தாட்டம் நடக்கும், வாசிகசாலைக் கதவு பூட்டியிருக்கும். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் புத்தகங்களை வெளியிலிருந்து பார்க்கலாம். திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். அலுமாரியில் சிறுவர் நூல்கள் மிகக் குறைவு, இருப்பவையும் பிள்ளையின் கைக்கு எட்டாத மேல்தட்டில். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பதில் வருகின்றது. கிழியும்வரை வாசிக்கப்பட்ட புத்தகம் ஒன்றாவது அங்கே இருந்தால் நான் மகிழ்வேன். மற்ற ஊர்ப் பெண்களோடு பேசும்போதும் இதே குறைதான் காதில் விழுகின்றது. விதிவிலக்காக நன்றாக நடத்தப்படும் வாசிகசாலைகள் இருக்கின்றன, அவற்றை நடத்துவோர் இக்கடிதத்தைத் தங்கள்மீதான குறையாகக் கொள்ளவேண்டாம்.

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி நாளிரவு தொடங்கி எரிந்து சாம்பலான எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும், அதனோடு போன ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். நினைவுகூரத்தான் வேண்டும். அந்த நூலகம் எப்படித் தோன்றியது என்பதையும் அதே நாளில் பேசவேண்டும் என்பது என் எண்ணம். 1933 இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தமது வீட்டில் வைத்துப் பிறருக்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் அதன் வித்து. அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையில், ஆயிரத்துக்கும் குறைந்த நூல்களோடு அது பொது நூலகமாகியது. இரவல் கொடுக்கப் பயப்படாத ஒரு மனிதரிடமிருந்து பிறந்த நூலகத்துக்காக அழுதுகொண்டே, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அலுமாரியைப் பூட்டி வைத்திருக்கின்றோம்.

உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குறைகளைச் சொல்ல வட்டாரத்துக்கு உறுப்பினர் ஒருவர் இருக்கவில்லை. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து இப்போது சபைகள் இயங்குகின்றன. வீதி விளக்கும் வடிகாலும் முதலில் என்றுதான் உறுப்பினர்கள் சொல்வார்கள். அவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும், மாலை நான்கு மணி முதல் ஆறரை வரை வாசிகசாலையைத் திறந்து வைக்க ஊரில் படித்துவிட்டு இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்குச் சிறு கொடுப்பனவு ஒன்று கொடுப்பதும், தாயின் கையொப்பத்தோடு பிள்ளை ஒரு புத்தகத்தை ஒரு கிழமைக்குக் கொண்டுபோக விடுவதும் ஒரு பிரதேச சபையின் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல. பிரதேச சபை நூலகத்தில் இருக்கும் சிறுவர் நூல்களில் ஒரு பெட்டியை மாதம் ஒருமுறை ஊர் ஊராக மாற்றி அனுப்பினால் புதிதாக வாங்கும் செலவும் பெருமளவு குறையும். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பேச்சுப் போட்டியும் பரிசளிப்பும் நடத்தச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலும் தொடங்கிவிடலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒன்று கேட்கின்றேன். அடுத்த முறை ஊர் நிலையத்துக்கு உதவி செய்யும்போது கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கைத் தமிழ்ச் சிறுவர் நூல்களுக்கென்று குறித்து அனுப்புங்கள். அங்கே உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த ஆங்கில நூல்களைப் பெட்டி பெட்டியாக அனுப்புவதில் அன்பு இருக்கின்றது என்பதை அறிவேன். ஆனால், எட்டு வயதுப் பிள்ளை அப்பம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டக்கூடியவை அவையல்ல.

வரும் ஆண்டுக்கான பாதீட்டைச் சபைகள் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் இக்கோரிக்கையைக் காலந்தாழ்த்தாமல் தங்கள் பத்திரிகை வாயிலாக உறுப்பினர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகின்றேன். எங்கள் வாசிகசாலைக்கு நூல்கள் வந்தால் அவற்றுக்கு அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டி, இலக்கமிட்டுக் கொடுக்கும் வேலையை என்னோடு சேர்ந்து தொழில் செய்யும் பெண்கள் கூலி இல்லாமல் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். பசையும் கத்தரியும் எங்களிடம் இருக்கின்றன.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
வலிகாமம், யாழ்ப்பாணம்.