தலையில் துண்டு கட்டிய காரணம்

பெக்கம், லண்டன்
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, சின்னவள் எல்லாரும் நலம்தானே? தினமும் போனில் முகம் பார்த்துப் பேசும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், அப்பா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். சின்னவளே, நீதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். உன்னைப் பற்றி வரும் இடத்தைத் தாண்டிப் போகாமல் படி.

மூன்று வாரமாக வீடியோவில் தலையில் துண்டோடுதான் பேசினேன். கேட்டதற்குக் குளிர் என்றேன். குளிர் பொய் இல்லை, இங்கே இப்போது சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆனால் துண்டுக்குக் காரணம் வேறு. முடியை வெட்டிவிட்டேன் அம்மா. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட மொட்டை இல்லை, பயப்படாதே. இடுப்பு வரை நீளமாகத் தொங்கியதே, மதுரையில் ஆறாயிரம் கொடுத்து நேராக்கின முடி, அதை மட்டும்தான் வெட்டினேன். மிச்சம் இருப்பது என் சொந்த முடி. சுருட்டை. இழுத்துப் பிடித்தால் தாடை வரை வருகிறது, விட்டால் காதுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இது திடீரென்று எடுத்த முடிவு இல்லை. போன வருஷம் ஆகஸ்டில் ஒரு கூத்து நடந்தது, உன்னிடம் மறைத்துவிட்டேன். வேர்ப்பக்கம் சுருட்டை முளைத்துவிட்டது. இங்கே பார்லரில் நேராக்கக் கேட்ட காசைக் கேட்டு மயக்கம் வந்தது. கடைத்தெருவில் எட்டு பவுண்டுக்கு ரிலாக்ஸர் டப்பா ஒன்று கிடைத்தது, வாங்கி வந்து நானே போட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு கிரீம், அதில் கலக்க ஒரு சின்ன பாட்டில். கிரீமில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வேறு ஒன்றும் இல்லை, அப்பத்தா வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்புதான். கூடிப்போனால் வாய் வெந்துபோகுமே, அதே சங்கதி தலையில் நடந்தது. காதுக்குப் பின்னால் கொப்பளம். அது ஆறிவிட்டது. முடி ஆறவில்லை. மதுரையில் போட்டது தயோகிளைகோலேட் என்கிற வேறு மருந்து. அது பட்ட முடியில் இந்த ஹைட்ராக்சைடு வகை படவே கூடாதாம், ஒன்றுக்கொன்று ஆகாது. எனக்கு அது தெரியாது, வேரில் மட்டும் போடாமல் நுனி வரை இழுத்துவிட்டேன். மறுநாள் குளிக்கும்போது முடி ஊறவைத்த சேமியா மாதிரி கையோடு வந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் படித்தவள், டப்பாவின் பின்பக்கத்தைக் கூடப் படிக்கவில்லை.

என்னைத் தேற்றியது எங்கள் வார்டில் வேலை பார்க்கும் கானா நாட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவர் ஊரில் அரசுப் பள்ளியில் படிக்கிற பெண் பிள்ளைகளும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் போக வேண்டுமாம். பள்ளிக்கூடம் முடிந்ததும் முதல் வேலையாக ரிலாக்ஸர் போட்டுக்கொண்டாராம், இருபது வருஷம் விடவில்லையாம். "போட்டது போட்டதுதான், அது திரும்பிச் சுருளாது. புதுசு வளர்வதற்கு வழி விடு" என்றார்.

அப்பாவிடம் இதை இப்படிச் சொல். முடிக்குள்ளே கந்தகப் பாலங்கள் இருக்கின்றன, அவைதான் சுருளைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரிலாக்ஸர் அந்தப் பாலத்திலிருந்து கந்தகத்தில் ஒரு பங்கை உருவிவிடும். 1964 புயலில் போன பாம்பன் பாலத்தை 46 நாளில் தூக்கி நிறுத்தினார்கள் என்று அப்பா பெருமையடிப்பாரே, இந்தப் பாலத்தை எந்த இன்ஜினியராலும் நிறுத்த முடியாது. வேரிலிருந்து புதிதாக வருவதுதான் சுருட்டையாக வரும், அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான்.

புதுசு வளரக் காத்திருந்த பதினாலு மாதம் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. மேலே குருவிக்கூடு, கீழே வைக்கோல். இரண்டும் சேரும் இடம்தான் பலவீனம், சீப்பு பட்டால் அங்கேதான் ஒடியும். அக்கா எனக்குப் பொடிப்பொடியாகச் சடை போட்டுவிட்டார், ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தது, எழுந்திருக்கும்போது மணி மூன்று. அதற்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது, ஏதோ என்னால் முடிந்தது என்று மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். இங்கே ரை லேன் என்று ஒரு தெரு. மீன் கடை, அதை ஒட்டி முடிக் கடை, மறுபடி மீன் கடை, மறுபடி முடிக் கடை. சேனைக்கிழங்கு மாதிரி கிழங்கும் வாழைக்காயும் நடைபாதையில் குவிந்து கிடக்கும். பெண்கள் கடைக்குள்ளே மணிக்கணக்காக உட்கார்ந்து சடை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். பாஷை புரியாவிட்டாலும் நம்ம கரையில் ஏலம் முடிந்த பிறகு பெண்டுகள் கூடி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். லண்டனில் எனக்கு ஊர் ஞாபகம் வருவது கோயிலில் இல்லை, இந்தத் தெருவில்தான். மீன் மட்டும் ஐஸில் செத்துப் பல நாள் ஆனது. கண்ணைப் பார்த்தாலே தெரியும், நீ தொடக்கூட மாட்டாய்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்து அக்கா வீட்டு அடுப்படியில் வெட்டினோம். தரையில் பேப்பர் விரித்து, ஒவ்வொரு சுருளாகப் பிடித்து, நேர்முடி தொடங்கும் இடம் பார்த்துக் கத்தரித்தார். கழுத்துப் பக்கம் கடைசியாக விழுந்தது. கழுத்தில் காற்று பட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் நெற்றியோரம் இடது பக்கச் சுருள் ஒன்று மற்றதெல்லாம் ஒரு பக்கம் என்றால் அது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அப்பாவுக்கும் அப்படியே இருக்கும், கவனித்திருக்கிறாயா? எப்போதும் ஒட்ட வெட்டி, தலையில் துண்டு சுற்றித் திரிவதால் அவர் சுருட்டைக்காரர் என்பதே நமக்கு மறந்துபோச்சு. அவரை யாரும் பரட்டை என்று கூப்பிட்டதில்லை. என்னை எட்டாம் வகுப்பு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா. விடியற்காலையில் கரையில் ஏலம், ஏழு மணிக்கு எனக்கும் சின்னவளுக்கும் ரெட்டைச் சடை. உன் முழங்காலுக்கு நடுவில் என் தலையை இறுக்கி, தேங்காய் எண்ணெயைக் கொட்டி, காய்ந்த முடியில் உச்சியிலிருந்து பொடிச்சீப்பை இழுப்பாய். நான் கத்துவேன். "உங்க அப்பத்தா முடி அப்படியே வந்து தொலைச்சிருக்கு" என்பாய். மாமியார் மேல் இருந்த கோபத்தில் பாதி என் தலையில்தான் இறங்கியது என்று இப்போது தோன்றுகிறது. இதைப் படிக்கும்போது சின்னவள் சிரிப்பாள், நீ சிரிக்காதே என்று அதட்டுவாய்.

அப்பத்தா அப்படிச் சீவி நான் பார்த்ததே இல்லை. பாசி எடுத்துவிட்டுக் கடலிலிருந்து ஏறி வரும்போது தலைத்துணி, கைவிரலில் சுற்றின துணி எல்லாம் சொட்டும். ஊற்றுத் தண்ணீரில் தலையை அலசி, செம்பருத்தி இலையைக் கசக்கின வழவழப்பைத் தேய்த்து, விரலாலேயே பிரித்துவிட்டு வெயிலில் உட்காருவார். அப்புறம் கொண்டை. அவ்வளவுதான். நான் இங்கே ஒரு வருஷமாகக் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டதும் அதுதான்.

எப்படி என்று சொல்கிறேன், சின்னவளுக்கும் இதே முடி என்பதால் கொஞ்சம் விவரமாக. வாரம் ஒரு நாள்தான் தலைக்குக் குளியல். முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, நுனியில் தொடங்கி மேலே மேலே போக வேண்டும். அப்பா வலையில் சிக்கெடுப்பதை நினைத்துக்கொள்: ஒரு நாளும் இழுக்க மாட்டார், முடிச்சை இரண்டு விரலால் தளர்த்தி, வந்த இழையை மட்டும் விடுவிப்பார். இழுத்தால் அப்புறம் உட்கார்ந்து வலை பொத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முடியைப் பொத்த முடியாது. சிக்கு போனதும் ஆளிவிதைப் பசை. கால் டம்ளர் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், முட்டை வெள்ளை மாதிரி நூலாக இழுபடும் வரை கொதிக்கவிட்டு, சூடு இருக்கும்போதே துணியில் வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் விதையோடு ஒட்டிக்கொண்டு வடியவே வடியாது, முதல் தடவை நான் சட்டியோடு கொட்டினேன். அதைத் தடவி, முடியை நுனியிலிருந்து உள்ளங்கையில் ஏந்திக் கசக்கி மேலே தள்ளினால் சுருள் தானாக விழும். காயும் வரை கை வைக்கக் கூடாது. சொரசொரப்பான துண்டு ஆகாது, பழைய பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். ராத்திரி வழுவழு துணியில் தைத்த தொப்பி ஒன்று போட்டுத் தூங்குகிறேன். பார்த்தால் நீயே சிரிப்பாய்.

இந்த ஊர்த் தண்ணீர் பற்றி ஒன்று. நம்ம போர்த் தண்ணி உப்பு என்று புலம்புவாயே, லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு. கெண்டியில் வெந்நீர் வைத்தால் ஒரே மாதத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. முடியிலும் அப்படித்தான் படிந்து விறைப்பாகிறது, அதை எடுக்கத் தனி ஷாம்பு இருக்கிறது. கடைசியில் அதுவும் ஒரு செலவு. சிரிப்பு என்னவென்றால், தலைக்குத் தடவுகிற கிரீம் சிலவற்றில் கெட்டியாக்கச் சேர்ப்பது கராஜீனன், அது வருவது மண்டபத்தில் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாப் பாசி போன்றவற்றிலிருந்து.

சின்னவளே, இப்போது உன் இடம். ஜனவரியில் கல்யாணம், பார்லரில் பேக்கேஜ் பேசியாச்சு, அதில் கெரட்டின் போட்டு முடியை நேராக்குவதும் சேர்த்தி என்று சொன்னாய். வேண்டாம். அம்மா, நீயும் கேள். 2018-இல் மீனில் பார்மலின் என்று பேச்சுக் கிளம்பி நம்ம வியாபாரமே படுத்ததே, நீ மண்ணை வாரித் தூற்றினாயே. அந்தக் கெரட்டின் வகைகளில் பலவற்றைச் சூடான இரும்பால் அழுத்தும்போது புகையாகக் கிளம்புவது அதே பார்மால்டிஹைடுதான். தண்ணீரில் கரைத்தால் பார்மலின். நாங்கள் ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்த சதையைப் போட்டு வைக்கிற தண்ணி. மீனில் கலந்தால் ஆகாது, பெண்ணின் தலையில் ஆகுமா?

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருஷம் கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. முடியை நேராக்கும் சாமான்களை வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு, எழுபது வயசுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64. அதனால்தான் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, சம்பந்தம் தெரிகிறது, அவ்வளவுதான். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரு தடவை போடுவதால் ஒன்றும் ஆகாது என்பாய். ஒரு தடவையோடு யாரும் நிறுத்துவதில்லை, வேர் வளர்ந்துகொண்டே இருக்கும், நானே சாட்சி. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது உன்னைச் சுருட்டை முடியோடுதானே பார்த்தார்? அப்புறம் யாருக்காக?

நான் டிசம்பர் 20 வாக்கில் வருகிறேன். சென்னையிலிருந்து ரயில், புதுப் பாம்பன் பாலத்தில் வரும்போது உனக்குப் போன் பண்ணுகிறேன். இறங்கியதும் தலையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்காமல் இரு, அது போதும். பக்கத்து வீட்டு அத்தை கேட்டால் லண்டன் ஃபேஷன் என்று சொல்லிக்கொள். மார்கழிக் கடல்காற்றில் முடி எப்படியும் விரியும், அதைத் தண்ணி தொட்டு அமுக்க வராதே.

எனக்கு எண்ணெய் பாட்டில் எடுத்து வைக்க வேண்டாம். அரப்புத்தூள் கால் கிலோ மட்டும் வாங்கி வை, வாசல் செம்பருத்தியை நான் வரும் வரை கழிக்காதே. அப்பாவின் கிழிந்த வேட்டி ஒன்றைத் துவைத்து வைக்கச் சொல், தலை துவட்ட எனக்கு ஒரு பாதி, சின்னவளுக்கு ஒரு பாதி. பார்லருக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கட்டும். தராவிட்டால் மருதாணியில் கழித்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
உன் மூத்த மகள்