புழுதிக்குப் பின்னால் வரும் மழை

சாண்ட்லர், அரிசோனா
30.08.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? திங்கட்கிழமை இங்கே அடித்த புழுதிப் புயலை டிவியில் பார்த்துவிட்டு அம்மா அழுததாகத் தம்பி சொன்னான். போனில் "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். "பாலைவனத்துல ஆவணி மாசம் என்ன மழை?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

இங்கேயும் பருவமழை உண்டு, அப்பா. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அதன் காலம். வெயிலில் நிலம் கொதிக்கக் கொதிக்கக் காற்றுத் திசை மாறுகிறது. தெற்கே மெக்சிகோ பக்கமிருந்தும் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. இந்த மாதத் தொடக்கத்தில் வெயில் 47 டிகிரியைத் தாண்டியது. எங்கள் பக்கத்தில் இருக்கிற பீனிக்ஸ் நகருக்கு வருஷம் முழுக்கவே சராசரியாக 18 சென்டிமீட்டர் மழைதான். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பருவத்தில் கிடைக்க வேண்டும். 2023-ல் பருவம் முழுக்கப் பெய்தது 4 மில்லிமீட்டர் கூட இல்லை. நம் கணக்கில் ஓர் உழவு மழைக்குக் காணாது.

திங்கட்கிழமை சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அலறியது. புழுதிப் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறும். வாசலுக்கு வந்து பார்த்தால் தென்கிழக்கே வானம் தரையிலிருந்தே காவி நிறத்தில் எழுந்து நிற்கிறது. மேலே சுருள் சுருளாகப் புரள்கிறது. அடியில் ஒன்றும் தெரியவில்லை. சத்தமே இல்லை. எதிர் வரிசை வீடுகளின் ஓடு மறைந்தது, பிறகு சுவர், பிறகு தெருவிளக்கு. அதற்கப்புறம்தான் காற்று வந்து மோதியது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் நாக்கில் மண் ருசி. விமான நிலையத்தில் காற்று மணிக்கு 70 மைல் வேகத்தைத் தொட்டதாம். கொஞ்ச நேரம் விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். பல இடங்களில் கரண்ட் போனது.

மாப்பிள்ளை அப்போது வழியில் இருந்தார். அதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். இங்கே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிற முறை ஒன்று உண்டு: சாலையை விட்டு முழுக்க விலகி நிறுத்த வேண்டும், எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும், பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைப் பார்த்தே ஓட்டி வந்து இடித்துவிடுவான். அப்படியே செய்து, இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து சேர்ந்தார். 2013-ல் டூசான் நகருக்குப் போகிற நெடுஞ்சாலையில், பிகாச்சோ பக்கம், இப்படி ஒரு புழுதியில் வண்டி மேல் வண்டி மோதி மூன்று பேர் இறந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் 10 மைல் தூரத்துக்குப் புழுதியைக் கண்டுபிடிக்கிற கருவி வைத்து, வேக வரம்பை உடனே மணிக்கு 75 மைலிலிருந்து 35 மைல் வரை குறைக்கிறார்கள்.

இந்தப் புழுதி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். மேகத்திலிருந்து மழை இறங்கும்போதே பாதி வழியில் வறண்ட காற்று அதைக் குடித்துவிடுகிறது. அதனால் குளிர்ந்து கனமான காற்று பொத்தென்று கீழே விழுந்து, நாலாபக்கமும் பாய்கிறது. பாய்கிற வழியில் மூடாமல் கிடக்கிற மண்ணையெல்லாம் வாரிக்கொள்கிறது. எங்களுக்குத் தெற்கே பினால் கவுண்டியில், நம் மாவட்டம் மாதிரி, பருத்திக் காடுகள் உண்டு, அப்பா. ஆமாம், பருத்திதான். கொலராடோ ஆற்றிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரில் விளைந்தது. ஆறு வற்றிப்போய், 2021-ல் முதல் தடவையாகப் பற்றாக்குறை என்று அறிவித்தார்கள்; 2022-ல் அது நடைமுறைக்கு வந்தபோது அந்த விவசாயிகளின் தண்ணீருக்குத்தான் முதலில் வெட்டு விழுந்தது. எத்தனையோ நிலம் தரிசாகிவிட்டது. விநாயகர் சதுர்த்திக்கு மரிகோபாவில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது அந்தப் பக்கத்துக் காடுகளைப் பார்த்தேன். வேலி அப்படியே இருக்கிறது. உள்ளே காய்ந்த களைச் செடியும் மாவு மாதிரி மண்ணும். எங்கள் வீட்டு ஜன்னலில் படிந்ததில் கொஞ்சம் யாரோ ஒருவர் உழுத மண். டிவியில் புயலின் உயரத்தைக் காட்டினார்கள், விமானத்தைக் காட்டினார்கள். அந்தக் காடுகளைக் காட்டவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

புழுதி கடந்ததும் மழை இறங்கியது. கொஞ்ச நேரம்தான், ஆனால் பேய் மழை. இங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை ஒன்று இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் சுலபத்தில் இறங்காது. அதனால் ஒவ்வொரு குடியிருப்பிலும் பார்க்கைப் பள்ளமாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் அதில் வந்து தேங்கும். வருஷமெல்லாம் மணலாகக் கிடக்கிற ஓடைகளில் திடீரென்று ஆள் முழுக ஓடும். எங்கோ மலையில் பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும். தடுப்பு வைத்த ஓடையில் வண்டியை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்கிற செலவை ஓட்டியவரிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி டூசானில் பிறந்து வளர்ந்தவர். மழை விட்டதும் என்னை வெளியே கூப்பிட்டார். கிரியோசோட் என்று ஒரு புதர். சின்னச் சின்ன இலையில் எண்ணெய்ப் பசை. ஈரம் பட்டதும் அதன் வாசம் ஊரையே நிறைக்கும். ஒரு கொத்தை ஒடித்து என் கையில் கொடுத்தார், குளியலறையில் தொங்கவிடச் சொல்லி. அன்று ராத்திரி பார்க் பள்ளத்தில் ஆட்டுக்குட்டி கத்துவது போலத் தவளைச் சத்தம். மண்ணுக்குள் மாசக்கணக்காகப் புதைந்து கிடந்து, இடியும் மழையும் கேட்டதும் மேலே வருகிற தவளைகள். குட்டை வற்றுவதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்ந்துவிட வேண்டும். பாப்பா டார்ச் லைட்டோடு உட்கார்ந்துவிட்டாள், தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதம் மக்கள், பருவம் தொடங்குமுன் சவாரோ கள்ளியின் பழத்தைப் பறித்து மது வடித்து, மழையை அழைத்துச் சடங்கு செய்கிறார்கள். ஓடை வெள்ளம் பரவுகிற இடத்தில் முதல் மழைக்குப் பின் பயறு விதைப்பது அவர்கள் வழக்கம். கால்வாயும் இல்லை, பம்ப்செட்டும் இல்லை. நம் மானாவாரிதான், அப்பா. ஆற்றுத் தண்ணீரை நம்பிய காடுகள் தரிசாகிற இந்தக் காலத்தில், அந்தப் பயறு இன்னமும் அந்த நிலத்தில் விளைகிறது. கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு விதை கொண்டுவர விடமாட்டார்கள். படம் எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன், பாருங்கள்.

பாப்பாவுக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது. இங்கத்திய மண்ணில் காய்ச்சல் உண்டாக்குகிற ஒரு பூஞ்சை உண்டு என்பதால் டாக்டரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். இப்போது இருமல் இல்லை.

வடக்குச் செய்யை இந்த வருஷம் தரிசாகப் போடப் போவதாகத் தம்பி சொன்னான். கூலி ஆள் கிடைக்கவில்லை என்றால் பணம் நான் அனுப்புகிறேன். பருத்தி வேண்டாம் என்றால் உளுந்தாவது, கம்பாவது விதையுங்கள். புரட்டாசி பிறக்குமுன் முடிவு சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி