முதல் அழைப்பிதழை எழுதிய பெண்ணின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிப்ஹாப் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, “ஹார்லெமின் தெருக் கும்பல்கள் மோதிக்கொண்டதில் பிறந்து, இசை நிறுவனங்களால் உலகெங்கும் விற்கப்பட்ட சரக்கு” என்ற வரியோடு தொடங்குகிறது. தங்கள் இதழை நெடுங்காலமாகச் சந்தா கட்டிப் படிப்பவள் நான். இந்த ஒரு வரியை என்னால் கடந்து போக முடியவில்லை.

ஹிப்ஹாப் பிறந்த இடம் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதி அல்ல, அதே நகரின் பிராங்ஸ் பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்தைத்தான் உலகம் இதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இது தாங்கள் அறியாததல்ல. அந்த விருந்தை நடத்தியவள் சிண்டி கேம்பெல் என்ற பள்ளி மாணவி. பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது அவளுக்கு. கூடத்தை வாடகைக்குப் பிடித்து, சிறு அட்டைகளில் கையால் அழைப்பு எழுதிக் கொடுத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கிளைவ், ஊர் அறிந்த பெயரில் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து 1967இல் வந்த குடும்பம் அவர்களுடையது. பெரிய பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி ஊரையே ஆடவைக்கும் வழக்கம் கிங்ஸ்டனில் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.

கட்டுரையாசிரியர் கூல் ஹெர்க்குக்கு அரை வரி கொடுத்திருக்கிறார். சிண்டிக்கு அதுவும் இல்லை. ஹெர்க் என்ன செய்தார் என்பதற்கும் இடமில்லை. பாடுபவர் நிறுத்தி, கருவிகள் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகள் பல இசைத்தட்டுகளில் உண்டு. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருக்கும் ரசிகர்களைப் போல, ஆடவந்தவர்கள் அந்த நொடிகளுக்கே காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் தாளம் முடியும்போது மற்றதில் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். பார்படோஸில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், இசைத்தட்டின் மேல் கிரேயானால் குறியிட்டு அதைத் துல்லியமான கலையாக்கினார். படிப்பும் பயிற்சியும் இல்லாத கூச்சல் என்று இன்னொரு பத்தியில் எழுதியிருக்கிறீர்களே, கிரேயான் கோட்டை வைத்துத் தாளத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது பயிற்சி இல்லையா?

கும்பல்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? 1971 டிசம்பரில், சண்டையை விலக்கப் போன ‘கெட்டோ பிரதர்ஸ்’ என்ற பிராங்ஸ் கும்பலின் சமாதானத் தூதர் பிளாக் பெஞ்சி அடித்தே கொல்லப்பட்டார். பழிவாங்கப் புறப்பட வேண்டியவர்கள் ஹோ அவென்யூவில் எதிரிகளைக் கூட்டி உட்காரவைத்துச் சமாதானம் பேசினார்கள். அதன் பிறகுதான் ஒரு தெருப் பிள்ளை மறுதெரு விருந்துக்கு நடந்துபோக வழி பிறந்தது. மோதலில் பிறந்ததாக நீங்கள் எழுதும் இந்த இசைக்கு வழிவிட்டது அந்தச் சமாதானம்.

இவ்வளவு உரிமையோடு எழுதக் காரணம் உண்டு. 1970களின் இறுதியில் செவிலியராக அமெரிக்கா போனவள் நான். பணி ஓய்வு வரை பிராங்ஸில்தான் வேலை, வீடு எல்லாம். காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்திவிட்ட கட்டடங்களைத் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன். நகர நிர்வாகம் செலவைக் குறைப்பதாகச் சொல்லித் தீயணைப்பு நிலையங்களை மூடியிருந்தது. அதற்கு முன்பே குறுக்கு நெடுஞ்சாலை ஒன்று குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போய்விட்டது. கட்டுரையோடு வெளியிட்டிருக்கும் எரிந்த கட்டடத்தின் படத்துக்குக் கீழே “வன்முறையின் சுவடு” என்று போட்டிருக்கிறீர்கள். எரித்தவர்கள் யார் என்று ஒரு சொல் கூட இல்லை. இரவுப் பணி முடிந்து நான் திரும்பும்போது பூங்காவில் ஒலிபெருக்கிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எழுந்து வழிவிடுவார்கள். எங்கள் வார்டில் காய்ச்சலோடு கிடந்த ஒரு பையன், தான் எழுதிய பாட்டு வரிகளை மனப்பாடம் செய்துகொண்டே இருந்தான். அவர்களைத்தான் கும்பல் என்கிறீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் உறவினர்கள் முதலில் கேட்பது, “அந்தக் கறுப்பர்கள் நடுவிலா இருக்கிறாய்?” அவர்கள் சொன்ன வேறு சொற்களை எழுதக் கை வரவில்லை. கேட்டவர்களின் நிறம் என் நிறம்தான். அந்தப் பார்வைக்கு அச்சில் இடம் கொடுக்கும்போது எவ்வளவு வலிக்கும் என்று தங்களைப் போன்றோர் யோசிக்க வேண்டும்.

இது முதல் முறையும் அல்ல. மலேசியாவில் பாடகர் யோகி பியும் நட்சத்ரா குழுவும் 2006இல் ‘வல்லவன்’ என்ற பாடல் தொகுப்பை வெளியிட்டு, ஹிப்ஹாப் தாளத்தில் பேச்சைப் போலப் பாடும் ராப்புக்குத் தமிழில் புது வாசல் திறந்தார்கள். அந்த இளைஞர்களைத் தங்கள் இதழ் “அமெரிக்க நகல்” என்றது. நான் எழுதிய மறுப்பு வரவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹிப்ஹாப்போடு வளர்ந்த பிரேக்கிங் ஆட்டம் சேர்க்கப்பட்டபோது “தெருக்கூத்தும் விளையாட்டா?” என்று தலைப்பிட்டீர்கள். அதில் தெருக்கூத்துக்கும் அவமரியாதை. அப்போது நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, தலைப்பைப் பாராட்டியதைப் போல வெளியிட்டீர்கள்.

“விற்கப்பட்ட சரக்கு” என்பதற்கும் ஒரு பதில். விற்றார்கள், உண்மை. 1979இல் நியூஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்ற பெண்மணி வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற பாட்டு உலகெங்கும் ஓடியது. அதில் பிராங்ஸின் ராப் பாடகர் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய வரிகள் அவர் பெயர் இல்லாமலே வந்தன. ஆனால் செனகலில் 2011இல் அதிபர் வாட் பதவியில் நீடிக்க முயன்றபோது, அவருக்கு எதிராக மக்களைத் திரட்டிய ‘யான் அ மார்’ (‘பொறுத்தது போதும்’) இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ராப் பாடகர்களும் இருந்தார்கள். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். துனிசியாவில் அதிபரை நேராக விளித்துப் பாடிய எல் ஜெனரால் என்ற இளைஞரை 2011 ஜனவரியில் போலீஸ் பிடித்துச் சென்றது. இதையெல்லாம் எந்த நிறுவனம் விற்றது? 2011இல் கூல் ஹெர்க் நோயுற்றபோது மருத்துவக் காப்பீடு இல்லாமல் ரசிகர்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. இதைத் தொடங்கி வைத்தவரின் கைக்கு விற்ற பணம் எவ்வளவு வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீண்டு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறும்படி கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், ஹிப்ஹாப் பிறந்தது பிராங்ஸில் என்றும், முதல் விருந்தை நடத்தியவர் சிண்டி கேம்பெல் என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இடமில்லையென்றால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி