பாட்டியின் பெயரைச் சுரண்டிய இரவு: தொழில்முனைவோர் பயிற்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரத்தில் தொழில்முனைவோர் பயிற்சி நடத்திவரும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த மாதப் பயிற்சிக்கான அறிவிப்பைக் கோயில் வாசலில் பார்த்தேன். பார்த்த அன்றே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும், ஊர் சின்னது.

ஆனாலும் ஒன்றை நானே சொல்ல வேண்டும். அன்று இரவு அத்தை நானூறு மாங்காய் ஊறுகாய்ப் புட்டிகளைச் சமையலறைத் தரையில் வரிசையாக வைத்தார். சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒவ்வொன்றிலும் சுற்றி, ஊறியதும் கத்தி முனையால் ஒட்டுத்தாளைச் சுரண்டினார். அந்தத் தாளில் இருந்தது பாட்டியின் பெயர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் விளக்கோடு பால்மரம் வெட்டப் போய், பிற்பகலில் தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் மாங்காய் நறுக்கிக் காயவைத்தவர் பாட்டி. பெற்ற தாயின் பெயரை அத்தை தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தையிடம் மொத்தமாகச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த வெளியூர் வியாபாரி, அந்தப் பெயரைத் தன்னுடைய வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டதுதான் காரணம். வழக்கறிஞர் கடிதம் வந்ததும் பேரங்காடி அத்தனை புட்டிகளையும் திருப்பி அனுப்பிவிட்டது.

உங்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இங்கேதான். ஈராண்டுகளுக்கு முன் உங்கள் பயிற்சியில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான். "எஸ்எஸ்எம் சான்றிதழ் இருந்தால் பெயர் உங்களுடையது, யாரும் தொட முடியாது" என்று மேடையில் சொன்னார்கள். எஸ்எஸ்எம் என்பது வியாபாரங்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையம். அந்த வரி என் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அது தவறு. எஸ்எஸ்எம் பதிவு, நாம் இந்தப் பெயரில் வியாபாரம் நடத்துகிறோம் என்பதற்கான பதிவு மட்டுமே. பொருளின் பெயர்மீது உரிமை தருவது வணிகச் சின்னப் பதிவு. அதற்கு 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் தனியாக இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய இடமும் வேறு, மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்.

அதே மேடையில், பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போட்டால் மதிப்பு கூடும் என்றும் சொன்னார்கள். பதியாத பெயருக்கு அந்தக் குறியைப் போடுவது இந்நாட்டில் குற்றம். உங்கள் குழுவை நம்பி வந்த பெண்களிடம் இதைச் சொல்வதற்கு முன் யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?

சொல்லியிருக்க வேண்டியது அதிகமில்லை. ஊறுகாய் 29ஆம் வகுப்பில் வரும், மசாலைத்தூள் 30இல் வரும். வகுப்புக்கு ஏறத்தாழ ஆயிரம் ரிங்கிட் கட்டணம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். நம் பெயரை வேறொருவர் கேட்டு விண்ணப்பித்தால், அது வெளியிடப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த இரண்டு மாதமும் அத்தை தீபாவளிச் சந்தைக்காக மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்றுவந்தவருக்குச் சட்டம் கதவை அடைத்துவிடவில்லை என்று வழக்கறிஞர் சொல்கிறார். ஆனால் பதினோரு ஆண்டு விற்றதற்குச் சான்று வேண்டுமாம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்ற ஊறுகாய்க்கு யார் ரசீது எழுதினார்கள்? அச்சகத்தின் பழைய பில், தேதியோடு எடுத்த கடைப்படம், பேரங்காடிக்குக் கொடுத்த விநியோகச் சீட்டு, இவற்றைப் பத்திரமாக வையுங்கள் என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால், இன்று நாங்கள் பழைய பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துத் தேட வேண்டியிருக்காது.

அத்தையின் கதை மட்டுமல்ல இது. உங்கள் கண்காட்சியில் தோட்டத்து அண்ணன் ஒருவர், ரப்பர் பால் பிடிக்கும் மங்குக்குள் மழைநீர் வடியாமல் தடுக்கத் தானே செய்த மறைப்பைக் காட்டினார். வந்தவர்களெல்லாம் படம் எடுத்துப் போனார்கள். கண்டுபிடித்தவரே வெளியில் காட்டியிருந்தால், ஓராண்டுக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க நம் சட்டம் இடம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. சிறிய மேம்பாடுகளுக்கென்றே பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்று ஒன்றும் உண்டு. பத்தாண்டுக் காலம், பிறகு ஐந்து ஐந்தாக இரண்டு முறை நீட்டிக்கலாம். அவரிடம் இதில் எதையும் யாரும் சொல்லவில்லை. கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஓராண்டு எப்போதோ கடந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்த நம் சனங்களுக்கு நிலமும் இல்லை, லயத்து வீடும் போய்விட்டது. கையில் மிஞ்சியது கைப்பக்குவமும் பெயரும்தான். அதையும் இப்படி இழக்க வேண்டுமா?

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயிற்சியால்தான் அத்தை துணிந்து கடைகளுக்குச் சரக்குப் போட்டார். அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். எஸ்எஸ்எம் சான்றிதழ் போதும் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ஈராண்டுகளாக உங்களிடம் படித்த அத்தனை பேருக்கும், அது தவறான தகவல் என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதப் பயிற்சியில் இத்துறை தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். வருகிறவர்கள் தங்கள் பெயரை மைஐபிஓ இணையத் தேடலில் அங்கேயே பார்த்துவிட்டுப் போகட்டும். அறிவிப்பில் இன்னும் "எஸ்எஸ்எம் பதிந்தால் பெயர் உங்களுக்கே" என்ற வரி இருக்கிறது. தயவுசெய்து அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் குறிப்பெடுத்த மாணவி ஒருத்தி