சிறுநீர்க் கசிவுக்குச் சரியான ஆபரேஷன் கேட்டு மனு

அனுப்புநர்
கட்டட வேலை செய்யும் பெண்கள் சார்பில் ஒரு சித்தாள்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: இருமினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 20 வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். மூன்று பிரசவம். சாந்துச் சட்டியைத் தூக்கித் தலையில் வைக்கும்போதே சிறுநீர் கசிந்துவிடுகிறது. தும்மினாலும் அப்படித்தான். பழைய சேலையைக் கிழித்து உள்ளே வைத்துக்கொண்டு, வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறேன். கொத்தனாரிடம் சொல்லக்கூடிய விஷயமா இது?

எட்டு வருடத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில், கர்ப்பப்பையை எடுத்தால் நின்றுவிடும் என்றார்கள். நகையை அடகு வைத்து எடுத்தோம். கசிவு நிற்கவில்லை. அப்புறம் வேறொரு டாக்டரம்மா, சிறுநீர் முட்டியிருக்கும்போது இருமச் சொல்லிப் பார்த்தார். கோளாறு கர்ப்பப்பையில் இல்லை, சிறுநீர்க் குழாயைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது என்றார். அதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷின்கூடத் தேவைப்படவில்லை.

இடுப்புத் தசைப் பயிற்சியை மூன்று மாதமாவது செய்ய வேண்டும், தீராவிட்டால் ஆபரேஷன் என்றார். வயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்துச் சிறுநீர்க் குழாயின் கீழே தொட்டில் போலக் கட்டலாமாம். செயற்கை வலைப் பட்டையும் வைக்கலாம். அதற்குச் சிறு கீறல் போதும், சீக்கிரம் எழுந்துவிடலாம். ஆனால் சிலருக்கு அந்த வலை உள்ளே சதையை அரித்துத் தீராத வலி தந்ததால், இங்கிலாந்தில் 2018-இல் அதை நிறுத்தி வைத்தார்கள் என்று இந்த மனுவை எழுதித் தரும் என் மகள் படித்துச் சொன்னாள்.

ஆகவே, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது பெண் மருத்துவர் இதற்கென்று பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்கள் அந்த இடுப்புத் தசைப் பயிற்சியையும் சொல்லித் தரட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி இந்த ஆபரேஷனை எங்கே செய்துகொள்ளலாம் என்று மருத்துவமனைகளில் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பட்டை வைக்கிறார்கள், என்ன கெடுதல் வரலாம் என்பதைக் கையெழுத்து வாங்கும் முன் தமிழில் தர வேண்டும். கசிவுக்கென்று யாருடைய கர்ப்பப்பையையும் எடுக்கும் முன் அந்த இருமல் சோதனையைக் கட்டாயமாக்குங்கள்.

இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் பாரம் தூக்கக்கூடாது. எங்களுக்கு அது கூலியில்லாத நாள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வழியாக உதவித்தொகை கிடைக்கத் தொழிலாளர் துறைக்கும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(இடது பெருவிரல் ரேகை)