பிரையனின் வெள்ளியும் மெக்யூனின் கிடங்கும்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பேத்திக்கு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி ரொம்ப சந்தோஷம். அவள் பாடத்துக்காகப் பழைய அமெரிக்க விவசாயிகள் இயக்கத்தைப் புரட்டப்போய், தாத்தாவும் மாட்டிக்கொண்டது அதைவிடச் சந்தோஷம்.

1896 இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரான பிரையன், தங்கத்தோடு வெள்ளியையும் தாராளமாக நாணயமாக அடிக்க வேண்டும் என்று சிகாகோவில் பேசிய ‘தங்கச் சிலுவை’ப் பேச்சைப் படித்தாயாம். வெள்ளி நாணயம் அடித்தால் கடன்பட்ட பருத்திக்காரனுக்கு என்ன வந்துவிடும் என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. பதிலை அந்தப் பேச்சில் தேடாதே. டெக்சாஸ் குடியானவன் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கிடங்கு. பருத்தியை உள்ளே வைத்துவிட்டு, விலை வரும்வரை பொறுத்திருக்கச் சர்க்கார் கொஞ்சம் பணம் தர வேண்டும் என்பதுதான் அவன் கோரிக்கை. பிரையனின் பேச்சில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கடன் எப்படி நடந்தது என்பதிலிருந்து வருகிறேன். உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபோது தெற்கில் வங்கி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. போர்க்காலத் தேசிய வங்கிச் சட்டப்படி சின்ன ஊரில் வங்கி திறக்கவே 50,000 டாலர் மூலதனம் வேண்டும். திறந்தாலும் நிலத்தை அடமானமாக வாங்கிக் கடன் கொடுக்கக் கூடாது. மாநில வங்கிகள் தாங்களே நோட்டு வெளியிட்டால் அதற்கு 10 சதவீத வரி. கடைசியில் கடன் கொடுக்க மிஞ்சியவர் நாற்சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்தவர்தான்.

மார்ச் வாக்கில் குடியானவன் அந்தக் கடைக்குப் போவான். இன்னும் விதைக்காத பயிரை ஈடாக எழுதிக் கொடுப்பான். அது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவாகும். ரொக்கம் கண்ணில் படாது. மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, உரம், கொழு, துணி எல்லாம் பேரேட்டில் பற்று. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலை, ரொக்கத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. கடன் விலை கால் பங்கு முதல் பாதி வரை கூடுதலாக இருக்கும். அதன்மேல் வட்டியும் போடும் கடைகள் உண்டு. கடன் நிற்பதோ ஆறேழு மாசம். வருஷ வட்டியாகக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஒரு கடையில் ஈடு எழுதியவனுக்கு அடுத்த கடையில் ஒரு பிடி உப்பும் கடனாகக் கிடைக்காது, ஈடு வைக்கத்தான் அவனிடம் ஒன்றும் இல்லையே. எதைப் பயிரிடுவது என்பதும் கடைக்காரர் சொன்னபடிதான், பருத்தி. சோளம் போட்டால் அவன் வீட்டிலேயே தின்று தீர்த்துவிடுவான். பருத்தியைத் தின்ன முடியாது. செப்டம்பர், அக்டோபரில் ஜின்னிங் முடித்து, அதாவது கொட்டை நீக்கி, 500 பவுண்டு பேலாக (பொதியாக) கட்டியதும் நேரே கடைக்கு. கணக்குத் தீர்ந்தால் தப்பித்தான். தீராத பாக்கி அடுத்த வருஷப் பேரேட்டின் முதல் வரியாக ஏறும், அதே கடையில்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவரும் வடக்கே இருந்த மொத்த வியாபாரியிடம் வட்டிக்குச் சரக்கெடுத்தவர். பயிர் பொய்த்தால் அவர் கடையும் மூழ்கும். கடன் வர ஒரே வாய்க்கால்தான் இருந்தது, அதில் ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் விலை விழுந்த கதையையும் சேர்த்துப் பார். 1870களின் தொடக்கத்தில் பவுண்டுக்குப் 10 சென்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1894 இல் 5 சென்டுக்கும் கீழே போனது. டாலர் 1879 இல் மறுபடி தங்கத்தோடு கட்டப்பட்ட பிறகு, ஜனத்தொகையும் விளைச்சலும் வளர்ந்த வேகத்துக்குப் பணம் வளரவில்லை. இது வருஷக்கணக்கான இறக்கம். அதற்குள்ளே ஒவ்வொரு வருஷமும் இன்னொரு இறக்கம் உண்டு. அறுவடை சமயத்தில் நாடு பூராவும் ரொக்கம் கேட்கும். நோட்டு இருப்பதோ அதே அளவு. வட்டி ஏறும், வாங்குகிறவன் கை சுருங்கும், எல்லாச் சரக்கும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து விலை படுத்துவிடும். வசந்தத்தில் விலை நிமிரும்போது பருத்தி குடியானவன் கையில் இருக்காது.

இந்த இரண்டாவது இறக்கத்தைச் சரியாகப் பிடித்தவர் சார்லஸ் மெக்யூன். டெக்சாஸில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர், விவசாயிகள் கூட்டணி என்ற குடியானவர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். 1887 இல் டல்லாஸில் கூட்டணிக்கென்று ஒரு கொள்முதல் – விற்பனை நிலையம் தொடங்கினார். பருத்தியை மொத்தமாகச் சேர்த்து ஆலைக்கு நேரடியாக விற்பது, கலப்பையையும் மாவையும் மொத்தமாக வாங்கிக் கடைக்காரரைத் தாண்டிப் போவது என்பது திட்டம். ஆனால் ரொக்கம் இருப்பவனுக்குத்தானே மொத்தக் கொள்முதல்? உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஈட்டில் மாட்டியவர்கள். அதற்காகக் கூட்டுப் பத்திரம் என்று ஒரு வழி செய்தார். கிளைச் சங்கத்தில் நிலம் உள்ளவனும் இல்லாதவனும் சேர்ந்து ஒரே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். யாரிடம் எத்தனை ஏக்கர், என்ன விளையும், என்ன சாமான் வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அந்தப் பத்திரங்களை வங்கியில் ஈடு வைத்துச் சாமான் வாங்குவது நிலையத்தின் பொறுப்பு.

பத்திரங்கள் குவிந்தன. டல்லாஸிலும் மற்ற ஊர்களிலும் வங்கிகள் அவற்றை ஈடாக ஏற்க மறுத்துவிட்டன. சாமானுக்கு ஆர்டர் போயாகிவிட்டது, பணம் வரவில்லை. ஆளுக்கு 2 டாலர் கொடுத்து மூலதனம் சேர்ப்பது என்று முடிவாகி, 1888 ஜூன் 9 அன்று டெக்சாஸ் முழுக்கக் கவுண்டி நீதிமன்ற வாசல்களில் விவசாயிகள் திரண்டார்கள். கூட்டம் பெரிது, மனசும் பெரிது. மார்ச்சில் ஈடு எழுதியவன் பையில் ஜூனில் 2 டாலர் எங்கே இருக்கும்? அன்றைக்குத் தாக்குப்பிடித்த நிலையம் 1889 இல் மூடப்பட்டது.

இதே சமயத்தில் சாக்குச் சண்டை ஒன்றும் நடந்தது. உனக்குப் பிடிக்கும், அதனால் சொல்கிறேன். பருத்திப் பேலைச் சுற்றச் சணல் சாக்கு வேண்டும். சணல் போனது நம் வங்காளத்திலிருந்து. 1888 இல் சாக்கு உற்பத்தியாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஒரேயடியாக ஏற்றினார்கள். கூட்டணி விடவில்லை. சணலே வேண்டாம், பருத்தித் துணியிலேயே கட்டுவோம் என்று இறங்கியது. ஜெயித்தும் விட்டது, சாக்குக் கூட்டு விலையை இறக்க வேண்டி வந்தது. ஒரு சிக்கல் மட்டும் நின்றது. இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தையில் பேலின் மொத்த எடையில் சாக்குக்கும் கட்டுக் கம்பிக்கும் என்று சுமார் 6 சதவீதம் கழிப்பார்கள், கனமான சணலைக் கணக்கில் வைத்து. பருத்தித் துணி இலேசானது, கழிவோ அதேதான். ஒவ்வொரு பேலிலும் சில பவுண்டு நல்ல பருத்திக்குக் காசு வராமல் போனது. எடைக்கழிவு விதியை மாற்றும் பலம் டெக்சாஸுக்கு ஏது?

டல்லாஸில் பட்ட அடியிலிருந்துதான் கிடங்குத் திட்டம் பிறந்தது. தனியார் வங்கி தராது, உறுப்பினரிடம் இல்லை. நோட்டு அடிக்கும் சர்க்காரே கொடுக்கட்டும். 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் மெக்யூன் வைத்த ‘துணைக் கருவூலத் திட்டம்’ இதுதான். வருஷத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் விளைபொருள் விற்கும் கவுண்டிகளில் சர்க்கார் கிடங்கு கட்டும். பருத்தி, கோதுமை, சோளம், புகையிலை போன்ற கெடாத சரக்கை வைத்தால், அன்றைய உள்ளூர் விலையில் 80 சதவீதம் வரை புது நோட்டாகக் கடன், வருஷ வட்டி 1 சதவீதம். கிடங்கு வாடகையும் காப்பீடும் தனி. எடை, தரம், வாங்கிய கடன் எல்லாம் குறித்த ரசீது தருவார்கள். அந்த ரசீதையே கைமாற்றி விற்கலாம். 12 மாசத்துக்குள் மீட்காவிட்டால் சரக்கு ஏலம்.

ஒரு பேலை எடுத்துக்கொள். 500 பவுண்டு, அக்டோபரில் 8 சென்ட் என்றால் 40 டாலர். கிடங்கில் 32 டாலர் கைக்கு வரும். ஏப்ரலில் 10 சென்ட் ஆனால் பேலின் மதிப்பு 50. ஆறு மாச வட்டி 16 சென்ட்தான். கடனையும் வட்டியையும் கழித்தால் இன்னும் 17 டாலர் 84 சென்ட், வாடகை, காப்பீடு போக. அக்டோபரிலேயே தள்ளியிருந்தால் மொத்தமே 40. இன்னொரு பக்கமும் பார்: நாடு முழுக்க இப்படி அறுவடையில் நோட்டு வெளியே போய், வசந்தத்தில் திரும்ப வந்து அழியும். சரக்கு வரும்போது பணம் பெருகி, சரக்கு கரையும்போது பணமும் சுருங்கும். 1889 இல் ஒரு நாட்டுப்புற டாக்டர் இதை யோசித்தார் என்பதே எனக்கு இன்றும் வியப்பு.

உங்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சளுக்குத் தரும் பொருளீட்டுக் கடனும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், புது நோட்டு அடிப்பது தவிர. அந்தத் ‘தவிர’ தான் பெரிசு.

ஓட்டைகளும் உண்டு, அவற்றைப் பத்திரிகைகள் அன்றே பிடித்துவிட்டன. விலை 6 சென்டாக விழுந்தால் பேல் 30 டாலர். 32 கொடுத்த சர்க்காருக்கு நஷ்டம். எல்லாரும் வசந்தம்வரை பிடித்துவைத்து வசந்தத்தில் அவிழ்த்தால் அப்போது விலை விழாதா? பருத்தியில் அமெரிக்காவுக்கு உலகச் சந்தையில் பலம் இருந்தது, அதனால் கொஞ்சம் தாங்கும். கோதுமையில் அது நடக்காது. ரஷ்யாவும் அர்ஜென்டினாவும் இந்தியாவும் லிவர்பூலுக்குக் கோதுமை அனுப்பிக்கொண்டிருந்தன. கோதுமை விளைத்த கான்சாஸ்காரனுக்கோ பயிர்க் கடனைவிட நில அடமானம்தான் கழுத்தைப் பிடித்தது. அவனுக்காக 1890 டிசம்பரில் ஒகாலா மாநாட்டில் நிலத்தின் பேரிலும் 2 சதவீதத்துக்கு மேற்படாத வட்டியில் கடன் வேண்டும் என்று சேர்த்தார்கள்.

ஆனால் நான் பெரிதாக நினைக்கும் ஓட்டை வேறு. கிடங்குக் கடன் அறுத்த பயிருக்குத்தான். குடியானவனுக்குச் சாமான் தேவைப்படுவது மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை. பேல் கட்டியாகும்போது அது ஏற்கெனவே கடைக்காரருடையது. ஒரு நல்ல வருஷம் கிடைத்து ஈட்டை உடைத்து வெளியே வந்தவனுக்குத்தான் கிடங்கின் கதவு திறக்கும். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுத வாரக்குடிக்கு, அதிலும் கறுப்பினத்தவருக்கு, அந்த வருஷம் வருவது அபூர்வம்.

அவர்களுக்குத் தனியாகக் கறுப்பின விவசாயிகள் கூட்டணி இருந்தது, 1886 இல் டெக்சாஸில் தொடங்கியது. 1891 செப்டம்பரில் பருத்தி பறிக்கும் கூலியை 100 பவுண்டுக்கு 50 சென்டிலிருந்து 1 டாலர் ஆக்கக் கேட்டு வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். வெள்ளையர் கூட்டணியின் தலைவர் லியோனிடாஸ் போல்க்கின் பத்திரிகை, 50 சென்டுக்கு மேல் கொடுப்பதைவிடப் பருத்தியை வயலிலேயே விட்டுவிடுங்கள் என்று எழுதியது. ஆர்கன்சாவின் லீ கவுண்டியில் வேலைநிறுத்தத்தை நடத்திய பென் பாட்டர்சனும் சுமார் பதினைந்து கறுப்பினத்தவரும் கொல்லப்பட்டனர். கடைக்காரரிடம் குறைந்த வட்டி கேட்டவர்களே கூலி என்று வந்தபோது முதலாளியாகிவிட்டார்கள். பாப்புலிஸ்டுகளை, அதாவது பிறகு இந்தக் கூட்டணியிலிருந்து பிறந்த மக்கள் கட்சிக்காரர்களை, புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுவார்கள்.

இனி வெள்ளி. 1890 இல் கிடங்கு மசோதா வாஷிங்டனுக்குப் போய்க் குழுவிலேயே தூங்கியது. மக்கள் கட்சி பிறந்து, 1892 ஜூலை 4 அன்று ஒமாஹாவில் வெளியிட்ட அறிக்கையில் ‘துணைக் கருவூலத் திட்டம் அல்லது அதைவிட நல்ல முறை’ என்று இடம்பெற்றது. வேட்பாளர் வீவர் 10 லட்சத்துக்கு மேல் ஓட்டும் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் ஓட்டில் 22-ம் வாங்கினார். அதே அறிக்கையில் 16-க்கு 1 விகிதத்தில், அதாவது 16 பங்கு வெள்ளி 1 பங்கு தங்கத்துக்குச் சமம் என்ற கணக்கில், வெள்ளியை நாணயமாக அடிக்கும் கோரிக்கையும் இருந்தது. 1893 ஜூனில் இந்திய சர்க்கார் தன் நாணயச் சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியதும் வெள்ளி விலை சரிந்தது; அடுத்த வருஷம் சந்தை விகிதம் 32-க்கு 1 அளவில் நின்றது. 16-க்கு 1 என்றால் சந்தையைப்போல் இரட்டிப்பு விலை கிடைக்குமே, மேற்கத்திச் சுரங்க முதலாளிகளுக்கு வெள்ளி இயக்கத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை. அவர்கள் பணம் போட்டார்கள். வெள்ளியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கிடங்கை விளக்க அரை மணி நேரம் வேண்டும். 1896 இல் ஜனநாயகக் கட்சி பிரையனை நிறுத்தியதும் பாப்புலிஸ்டுகளும் அவரையே ஏற்று, துணை ஜனாதிபதிக்கு மட்டும் டாம் வாட்சனைப் போட்டுக்கொண்டார்கள். தேர்வாளர் ஓட்டில் குடியரசுக் கட்சியின் மெக்கின்லிக்கு 271, பிரையனுக்கு 176. கட்சி அதோடு கரைந்தது.

வெள்ளி ஜெயித்திருந்தால் பொது விலைமட்டம் ஏறியிருக்கும், பழைய பாக்கி இலேசாகியிருக்கும். அக்டோபரில் விற்க வேண்டிய கட்டாயம் அப்படியே இருந்திருக்கும். உன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

கிடங்கு பிறகு துண்டு துண்டாக வந்தது, சீர்திருத்தக்காரர்கள் காலத்தில். 1913 இன் மத்திய வங்கிச் சட்டம் விவசாயப் பத்திரங்களுக்கு ஆறு மாசத் தவணை அனுமதித்தது. 1916 இல் பண்ணைக் கடன் சட்டமும் உரிமம் பெற்ற கிடங்குகளுக்கான சட்டமும் வந்தன. 1933 அக்டோபரில் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய சரக்குக் கடன் கழகம் பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் கடன் கொடுத்தது. விலை வராவிட்டால் பருத்தியை விட்டுவிட்டுப் போகலாம், பாக்கி கேட்க மாட்டார்கள். பருத்திப் பரப்பைக் குறைக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. குறைத்ததற்கான பணம் பெரும்பாலும் நிலக்காரர் கையில் நின்றது. குறைந்த பரப்புக்கு வாரக்குடிகள் வேண்டாம் என்று பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1934 இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையருமாக வாரக்குடிகள் சங்கம் கட்டியது அதனால்தான்.

பேத்தியிடம் ஒரு வேலை சொல். உங்கள் விற்பனைக்கூடத்தில் குத்தகைக்காரர் தன் மஞ்சளை ஈடு வைக்க வந்தால் நிலக்காரர் பெயரில் உள்ள சிட்டா கேட்கிறார்களா, கடன் யார் கணக்கில் ஏறுகிறது என்று விசாரித்து எழுதச் சொல். அவள் கட்டுரைக்கும் ஆகும், எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
நடராஜன்